கடைக்குட்டி வண்டி வளர்ந்த கதை

கார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை என்றால், நாள் முழுக்க ஜாலியாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்போம் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நாள் பக்கத்து சீட்டில் மடிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வாந்தியை அடக்கிக்கொண்டிருப்போம். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வயிற்றிலேயே புரியும்.

நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். வீடு வேப்பம்பட்டு. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். காருக்கும் ஜீப்புக்கும் நடுவில், கொஞ்சம் உயரமாக நிற்கும் க்ராஸ்ஓவர் வண்டி ஒன்று எங்கள் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நான் சேர்ந்தபோது அதன் மூன்றாவது தலைமுறை தயாராகிக்கொண்டிருந்தது. முதலாவதற்குப் பெரியவன், அடுத்ததற்கு நடுவுள்ளவன், வரப்போவதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தார் டெஸ்ட் டிரைவர் தாஸ் அண்ணன். அம்பத்தூர்க்காரர். வாயும் ஸ்டீயரிங்கும் ஒரே வேகத்தில் ஓடும்.

கடைக்குட்டிக்கு மேலிடம் ஒப்புதல் கொடுத்து உற்பத்திக்கு அனுப்பும்போது, கூடவே டிரெய்னிகளையும் நிரந்தரமாக்குவார்கள். "பொங்கலுக்குள்ள ஆயிடும்" என்றார் எங்கள் மேனேஜர் மைதிலி மேடம். அன்றைக்கே அப்பா, தான் வேலை செய்யும் லேத் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பெரியவன் வீட்டில்

புது வண்டி செய்வதற்கு முன்னால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய்க் காபி குடிக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் வேலை தொடங்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம். திருநெல்வேலிக்காரர்கள். வாசலில் பெரியவன் நின்றிருந்தான். பெயின்ட் வெளுத்திருந்தாலும் மாட்டுப் பொங்கலுக்கு நிறுத்திய காளை மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு பெருமழையில் பருத்திப்பட்டு ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அதில்தான் கொண்டுபோனார்களாம். அந்தக் குழந்தை இப்போது அதே வண்டியில் ஏறித்தான் டியூஷன் போகிறது. மேடம் அதையெல்லாம் கேட்டுவிட்டு, புது வண்டியில் பாட்டு கேட்க எத்தனை ஸ்பீக்கர் வேண்டும், சீட் என்ன கலர் வேண்டும் என்று வரிசையாக விசாரித்தார். அந்த வீட்டு அம்மா காபி டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"பாட்டெல்லாம் நாங்களே பாடிக்கிடுதோம் தம்பி. தண்ணிக்குள்ள நிக்காம வரச் சொல்லுங்க, அது போதும்."

நடுவுள்ளவனின் தலை

நடுவுள்ளவன் அழகன். முதுகுப் பக்கம் கூரை சரிந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். அம்பத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்த ஒரு ஐ.டி. இளைஞர், அந்தச் சரிவைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம். பின் சீட்டில் உட்காரச் சொல்லிப் பார்த்தோம். தலை கூரையில் இடித்தது. மகன் அவசரமாக, "அப்பா மட்டும்தான் சார் இப்படி" என்றார்.

அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடைக்குட்டிக்குக் கூரையை உயர்த்தினார்கள். கூரை உயர்ந்ததும் முகம் பருத்துத் தெரிகிறது என்று டிசைன் பிரிவு பானெட்டைத் தாழ்த்திக் கேட்டது. பானெட் இறங்கியதும் அதற்குள்ளே இஞ்சின் மூச்சு இழுக்கும் குழாயும் கூடவே இறங்கியது. இப்படித்தான் ஒரு வீட்டில் கட்டிலை நகர்த்தினால் பீரோவும் நகரும். அன்றைக்கு அந்தப் பெரிய மனிதர் இறங்கும்போது சொன்னது இது:

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. என்ன, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் எல்லாருக்கும் கும்பிடு போட்ட மாதிரியே குனிஞ்சுட்டு வரணும், அவ்வளவுதானுங்க."

அம்மை

வெளிவராத வண்டியின் உருவம் போட்டோவில் தெரியக்கூடாது என்பதற்காக, உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் சாலைக்கு எடுப்போம். கேட்டால் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. நான் பயந்த சுபாவம். யாராவது நெருங்கினாலே கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

திருமுல்லைவாயிலில் தாஸ் அண்ணன் வழக்கமாக நிறுத்தும் டீக்கடை. கடைக்கார அக்கா முதல் நாள் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து வைப்பரில் செருகினார். முகத்தில் சிரிப்பே இல்லை. நாங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தோம்.

"அம்மை போட்ட புள்ளைய இப்டி வெயில்ல இட்டுகினு சுத்தறியே அண்ணாத்தே, மூணு தண்ணி ஊத்தற வரிக்கும் ஊட்லயே வெச்சிக்கக் கூடாதா?"

எலுமிச்சம்பழம்

கடைக்குட்டிக்கு இருந்த புது வித்தை, முன்னால் ஆள் நின்றால் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்வது. ஆயுத பூஜை அன்று டெஸ்டிங் யார்டில் அதற்கும் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். தாஸ் அண்ணன் வண்டியை எடுக்கும் நேரம், துப்புரவு வேலை செய்யும் அக்கா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்து நின்றார். வண்டி பிரேக் பிடித்தது. பழம் நசுங்கவில்லை.

"தள்ளுக்கா" என்றால், பழம் நசுங்குவதற்குள் ஆரத்தியோடு விலகினால் வண்டிக்கு ஆகாது என்று அக்கா நகரவில்லை. அவர் நிற்கும்வரை வண்டியும் நகரவில்லை. அந்தப் பிரேக்குக்குப் பொறுப்பான இஞ்சினியர் ஒருவர், எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தாஸ் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"நீ நவராம இது நவராது, இது நவராம நீ நவர மாட்ட. ரெண்டு பேரும் நின்னுகினு இருங்க, நான் டீ சாப்ட்டு வரேன்."

சப்வே

கார்த்திகை மழை. எங்கள் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியில் கடைக்குட்டி ஏற்கெனவே பாஸ். தொட்டியில் தண்ணீர் சமர்த்தாக, சமமாக நிற்கும். ஒரு வண்டி மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். மேலிடத்தின் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதற்கு இன்னும் சில ஓட்டம்தான் பாக்கி.

ரயில் பாதைக்குக் கீழே போகும் ஒரு சப்வேயில் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டியில் நாங்கள் வைக்கும் அளவைவிடக் குறைவுதான். தாஸ் அண்ணன் ஒரே சீராக இறங்கினார். பாதியில் இருக்கும்போது எதிரே ஒரு பஸ் வேகமாக இறங்கியது. அது தள்ளிய தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து எங்கள் பானெட்டின் மேல் விழுந்தது. தாழ இறங்கியிருந்த குழாய் வழியாக இஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தது. ஒரு குலுக்கல், அவ்வளவுதான். திரும்ப ஸ்டார்ட் செய்தால் இஞ்சினே போய்விடும் என்பதால் தாஸ் அண்ணன் சாவியைத் தொடவில்லை. எனக்கு அந்தத் தண்ணீரில் பொங்கல் மிதந்து போவது தெரிந்தது.

நான்கு பையன்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து தள்ளினார்கள். ஸ்டிக்கர் போட்டிருந்தும் எந்த வண்டியின் வாரிசு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மேடேறியதும் ஒருவன் கதவில் தட்டினான்.

"இவன் அப்பன் இதே தண்ணில நீந்துவான் மாமே, இவன் இன்னா குளிக்கறதுக்கு வந்துகிறான்?"

மேடம் அறையில்

மறுநாள் டிசைன் பிரிவும் நாங்களும் ஒரே மேசையில். தொட்டிச் சோதனையில் பாஸ் ஆகியிருக்கிறது, பஸ் அலைக்கு விதியில் இடமே இல்லை, இதை விபத்து என்று விட்டுவிடலாம் என்றார்கள் டிசைன் பிரிவினர். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாஸ் அண்ணன் அன்று வேறு ஓட்டத்தில் இருந்தார். மேடம் என்னைப் பார்த்தார். "நீதானே உள்ளே இருந்தே. விட்டுடலாமா?"

விட்டுவிடலாம் என்றால் பொங்கலுக்கு நான் நிரந்தரம். "மழை பெய்ஞ்சா சப்வேல தண்ணி நிக்கும் மேடம். பஸ்ஸும் எதிர்ல வரும்" என்றேன். மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு குழாயை மேலே ஏற்றச் சொன்னார். குழாய் ஏறினால் பானெட்டும் ஏறும். பொங்கல் தள்ளிப்போகும். மற்ற டிரெய்னிகள் அன்று சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் விடவில்லை. மாலையில் கிளம்பும்போது மேடம் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான். ஆனா வீட்ல நீயேதான் சொல்லிக்கணும், அதுக்கு எங்கிட்ட ஒரு டெஸ்டும் கிடையாது."

வீட்டில்

ரயிலில் வேப்பம்பட்டு வரைக்கும் வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாரே என்பதுதான் பெரிய கவலை. அவர் தட்டில் இட்லியோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாய், பானெட், விதி, அலை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். வேலை தள்ளிப்போனதைக் கடைசியில் மெதுவாகச் சொன்னேன். அப்பா சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

"பின்ன, சப்வேல எதிர்ல பஸ் வராம கப்பலா வரும்? அதை முன்னாடியே பாக்காம இன்னாடா கம்பெனி அது?"

ஷோரூம்

கடைக்குட்டி ஆவணியில் வெளிவந்தான். எனக்கும் மற்ற டிரெய்னிகளுக்கும் அந்த மாதமே நிரந்தர ஆணை வந்தது. டெஸ்டிங் வண்டிகளை விற்கக்கூடாது என்பது விதி. நாங்கள் ஏறி இறங்கிய எல்லாவற்றையும் நசுக்கிவிட்டார்கள். யார்டின் அந்த மூலை காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்து சீட்டுக்குக்கூட மனம் ஏங்குகிறது. இப்போதெல்லாம் மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நிற்கிறேன்.

விற்பனை தொடங்கிய முதல் நாள் வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வர, அம்பத்தூர் ஷோரூமுக்கு என்னை அனுப்பினார்கள். ஒருவர் மனைவி, மகளோடு வந்து நிதானமாகப் பார்த்தார். பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிக்கியைத் திறந்து மூடினார். கடைசியில் முன்பக்கம் வந்து, தலையைச் சாய்த்துப் பானெட்டை உற்றுப் பார்த்தார். என் சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்ததால் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த பானெட்டு மட்டும் கொஞ்சம் தூக்கினாப்ல, மூஞ்சி வீங்கினாப்ல இருக்கு. இதையெல்லாம் கவனிச்சுச் சொல்ல உங்க கம்பெனில ஒரு ஆள் கூடவா இல்ல?"

எங்கள் தொழிலில் பாராட்டு இந்த உருவத்தில்தான் வரும் என்பதால், "சொல்லிடறேன் சார்" என்று மட்டும் பணிவாகச் சொல்லிவைத்தேன்.