கெட்டிமேளத்துக்கு விரல் காட்டியவள்

என் அக்கா திலகவதி கட்டுமாவடியில் மீன் விற்கிறாள். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்காமல் ஒரு மத்தியைக்கூட வாங்க மாட்டாள். ஜெகதாப்பட்டினத்து ஏலத்தில் அவளை ஏமாற்ற இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும். அப்படிப்பட்டவள், என் மகன் விக்ரம் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் ஓடிப்போய்ச் சமையல்கட்டில் காய்கறி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாங்கள் கண்டுபிடித்தபோது ஒரு முட்டைக்கோஸை மார்போடு அணைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் வீட்டுக்காரர் பதினான்கு வருடம் முதலில் கதவை உதைப்பார், பிறகு அவளை. அவர் செத்து ஆறு வருடமாகியும் திடீர்ச் சத்தம் கேட்டால் அவள் கால்கள் தானாக ஓடின. அந்தக் காலத்தில் "அனுசரிச்சுப் போக்கா" என்று சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்று.

சென்ற வருடம் அவள் மகள் சத்யாவுக்கு நிச்சயமானது. கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது.

"எம்மக கழுத்துல தாலி ஏறுறத நின்னு பாக்கணும் சுகுணா. மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து இல்ல."

முதலில் டவுனில் 'மனநல நிபுணர்' என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போனோம். "மூணே நாள்ல சரியாயிரும். மொதல்ல ஒங்க வீட்டுக்காரர மன்னிச்சிருங்க" என்றார். என்ன படித்தீர்கள் என்று அக்கா கேட்டாள். அவர் சுவரில் இருந்த சான்றிதழ்களைக் காட்டினார். இவள் பக்கத்தில் போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒன்று யோகா முகாமுக்கு, மற்றொன்று ரத்ததானத்துக்கு.

"பழைய ஐஸ் மீனு. வா போவோம்."

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜஸ்டின் என்ற ஆலோசகர், நாங்கள் உள்ளே நுழைந்ததும், "எந்தச் சேர்ல உக்காந்தா வசதிம்மா? கதவு தெறந்திருக்கட்டுமா? பொம்பள ஆலோசகர் வேணும்னாலும் சொல்லுங்க" என்றார். கதவைப் பார்த்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள்.

"என்னைய மாதிரி ஆளுங்களப் பாத்திருக்கீங்களா? எத்தன நாளாகும்?"

"பாத்திருக்கேன். நாள்கணக்கு சொல்ல முடியாதும்மா. ஒரு நாள் அடியா, பதினாலு வருஷம். ஒங்க ஒடம்பு காவல் காக்கப் பழகிருச்சு, அது கிறுக்கு இல்ல. மாத்திரை வேணுமான்னு டாக்டர் பாப்பாங்க. நீங்க வேணாங்கிற பேச்ச நான் எடுக்க மாட்டேன்."

அக்கா அவர் காதில் விழும்படியே என்னிடம், "செவுளு செவப்பா இருக்கு" என்றாள். பாவம் மனிதர், தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாராவாரம் போனாள். சில வாரம் அழுதுகொண்டு வந்தாள், ஒரு மாதம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அப்புறம் ஒரு நாள் அவரிடமே கேட்டாள்: "சத்தம் எப்ப வரும்னு தெரியாமத்தான பதறுது? நானே வரச் சொன்னா?" ஜஸ்டின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து, சத்யா கல்யாணத்துக்கு வாசிக்க இருந்த தவில்காரர் வெள்ளைச்சாமி வீட்டில் பயிற்சி. இவள் விரலை உயர்த்தினால் அடிப்பார், இறக்கினால் நிறுத்துவார். முதல் நாள் இவள் வாசல்வரை ஓடினாள், அவரும் தவிலோடு பின்னாலேயே ஓடினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

முகூர்த்தத்தன்று பெரிய மாமா அய்யப்பன் வழக்கம்போல் விரலை ஆட்டினார். தவில் வாயே திறக்கவில்லை. வெள்ளைச்சாமி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "புருசன் இல்லாதவ கைகாட்டலாமா?" என்று யாரோ முனகினார்கள். "அந்தப் புருசனாலதான் கைகாட்டுறா, சும்மா இருங்க" என்றேன்.

மாப்பிள்ளை தாலியோடு காத்திருந்தார். அக்கா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்துவிட்டு, விரலை உயர்த்தினாள். மண்டபம் அதிர்ந்தது. அவள் உடம்பும் நடுங்கியது, ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மூன்று முடிச்சும் அவள் கண்ணெதிரே விழுந்தன.

விரலை இறக்கினாள். மேளம் நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளோ சிரித்துக்கொண்டே மறுபடியும் விரலை உயர்த்தினாள். மேளம் மறுபடியும் முழங்க, மாப்பிள்ளை பதறிப்போய் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.