சிலுவை கீறிய பணிஸ்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பணிஸின் முதுகில் கத்தி நுனியால் கீறிய ஒரு சிலுவை இருக்கும். ஊருக்கென்று சுட்டவற்றோடு எனக்கென்று சுட்டது கலந்துவிடக் கூடாது என்று மச்சாள் போட்ட அடையாளம் அது. காலையில் பாண் முழுவதையும் போறணை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, தணல் அடங்கி வரும் நேரத்தில், அந்த ஒன்றை மட்டும் நீண்ட பலகையால் உள்ளே தள்ளுவா. வெந்ததும் எனாமல் தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து என் மடியில் தருவா. "இந்தா பிள்ளை, உன்ர பங்கு. இதில சீனி ஒரு கிள்ளும் இல்லை. அந்தோனியாராணை." நான் அதை இரண்டாகப் பிய்த்து, ஆவி போகுமுன் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, முதலில் மணத்தைத்தான் தின்பேன். அந்தக் காலத்தில் எனக்கு எஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் அது. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வாய் ஊறுவதில்லை, வயிறு எரிகிறது.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. முல்லைத்தீவுக் கரையில் இருந்த குடும்பம். தாயும் தகப்பனும் வேளைக்கே போய்ச் சேர்ந்துவிட, தம்பியை வளர்ப்பதற்காகக் கலியாணமே வேண்டாம் என்று இருந்தவ. கரையை விட்டு எல்லோரும் ஓடிவந்து அக்கராயனில் தெரிந்தவர் ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தபோது, கடலுக்குப் போக வழியில்லாமல் இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மச்சாள் நிற்கவில்லை. குளத்துக் களிமண்ணையும் உடைந்த செங்கல்லையும் சேர்த்து வளவின் மூலையில் ஒரு போறணை கட்டினா. அதன் வாய்க்குக் கதவு தார்ப் பீப்பாவின் மூடி. ஈஸ்ட் கிடைக்காது; பனங்கள்ளை ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைப்பா. வெந்த பாணைத் தூக்கிக் காதருகே பிடித்து அடியில் விரலால் தட்டுவா. சத்தம் சரியில்லை என்றால் அது திரும்ப உள்ளே போகும். இடம்பெயர்ந்த சனமும் ஊர்ச் சனமும் அந்தப் பாணுக்கு வரிசையில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் உடம்பை முறித்து வேலை செய்தாலும் "எங்கட பாண்" என்று அவ ஒரு நாளும் சொன்னதில்லை. "என்ர போறணை, என்ர பாண்" என்றுதான் சொல்லுவா. அந்தப் பெருமையைப் பார்த்து நானும் இவரும் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரிப்போம்.

மாப் பிசையத் தெரியாமல் அந்த வீட்டுக்குள் வந்தவள் நான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. கள்ளு மணக்க மணக்க மா பொங்கி எழும்புவதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே சலிக்காது. பணிஸின் மேல் தேங்காய்ப்பால் பூசிச் சீனி தூவுவது என் வேலையாயிற்று. தூவுகிற சாட்டில் விரலில் ஒட்டியதை நக்குவதும் என் வேலைதான். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திரிகை வத்தல் எங்கே கிடைக்கும்? பப்பாசிக்காயைப் பொடியாக அரிந்து, எங்காவது அலைந்து தேடிய சீனியில் பாகு காய்ச்சி, அதில் ஊறவைத்து, இதுதான் வத்தல் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டு கேக் போடுவோம். கலவைச் சட்டியை வழித்து நக்க வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. அந்த உரிமையும் எனக்கே வந்தது. வெளியில் ஷெல் சத்தம் கேட்டாலும் நான் சட்டியை வழித்து முடித்துவிட்டுத்தான் பங்கருக்குள் இறங்குவேன் என்று இவர் பகிடி பண்ணுவார். உண்மையில் சட்டியோடுதான் இறங்குவேன்.

ஒரு நாள் போறணையிலிருந்து தெறித்த தணல் என் இடது காலில் விழுந்தது. சின்னச் சுடுபுண். கற்றாழை வைத்தேன், மஞ்சள் வைத்தேன், மாறவில்லை. பெருவிரல் கறுத்து வீங்கியபின் இவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த ஆசுப்பத்திரியும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தது. சலம் பெய்து தரச் சொல்லி, அதை ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரோடு விட்டு, விளக்கில் காய்ச்சிப் பார்த்தார்கள். நீலமாகவே நின்றால் பயமில்லை. பச்சையாகி மஞ்சளாகிப் போகப்போகச் சீனி கூட என்று அர்த்தம். என்னுடையது மஞ்சளையும் தாண்டிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. டொக்டர் குழாயை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"அம்மா, உங்களுக்குச் சலரோகம். சீனி, பாண், பணிஸ், கேக் எல்லாத்தையும் இண்டையோட விடுங்கோ. சோறும் ஒரு பிடிதான். குளிசை தாறன். சீனி இறங்கினால் புண் மாறும். இறங்காட்டி விரலை எடுக்க வேண்டி வரும். அதுக்குப் பிறகும் இறங்காட்டிக் காலுக்கு நான் பொறுப்பில்லை."

அலைந்து தேடினால்தான் சீனி கிடைக்கிற ஊரில் சீனி வருத்தம் வந்த ஒரே மனிசி என்று கிணற்றடியில் என்னைப் பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நாக்கைக் கட்டினால் மூக்கு சும்மா இருக்குமா? காலை நீட்டி வைத்து மாப் பிசைவேன், உருட்டிக் கொடுப்பேன், சீனியும் தூவுவேன். விரலை வாய்க்குக் கொண்டுபோகாமல் சாரத் துண்டில் துடைத்துவிடுவேன். மூடி திறந்து அந்தச் சூட்டு மணம் வரும்போதெல்லாம் கண் கலங்கிவிடும். கீரையும் மீனும் தொண்டையில் இறங்கவில்லை. பாணுக்காக அழுகிற மனிசியை யார் கண்டது? சனம் பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த காலம் அது. எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் ஒளித்துத்தான் அழுதேன், யாரும் காணவில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் மச்சாள் அந்தப் பணிஸோடு வந்தா. குரக்கன் மாவும் வறுத்த உழுத்தம் மாவும் சேர்த்து, கள்ளுவிட்டுப் பொங்கவைத்துச் சுட்டதாகச் சொன்னா. குரக்கன் கொஞ்சம் சாப்பிடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் வாய் வைத்தபோதே, "மச்சாள், இனிக்குது" என்றேன். "சீனியை விட்ட நாக்குக்குத் தவிடும் இனிக்குமடி" என்று சிரித்தா. கோதுமை மாவில் இனிப்பு விழுந்தால் சூட்டில் மேல்தோல் சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்தே இனிப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். குரக்கனோ பச்சை மாவிலேயே கறுப்பு, அதில் எதைக் கண்டுபிடிப்பது? அந்தோனியார் மேல் ஆணையிட்டவவைச் சந்தேகிக்க எனக்கு மனமும் வரவில்லை. நாள் தவறாமல் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவவுக்காக ஒரு செபமும் சொன்னேன்.

சீனி இறங்கவில்லை. போகிற ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் அதே செங்கல் நிறம். குளிசையைக் கூட்டிப் பார்த்தார்கள், புண் எலும்பைத் தொட்டது. கடைசியில் ஒரு நாள் டொக்டர் பொறுமை இழந்துவிட்டார். அன்றைக்கு மச்சாளும் கூட வந்திருந்தா.

"நீங்கள் களவாச் சாப்பிடுறீங்கள் அம்மா."

"மாதாவாணை இல்லை டொக்டர்."

அவர் என்னை விட்டுவிட்டு மச்சாளைப் பார்த்தார். "வீட்டில சாப்பாடு குடுக்கிறது ஆர்? நீங்களோ?"

மச்சாள் முந்தானையை இழுத்து மூடினா. என்னைப் பார்க்கவில்லை. "ஓம் டொக்டர். நான் கவனமாத்தான் குடுக்கிறனான். அவவுக்கு வாய் அடங்காது. நான் அங்கால போற நேரம் பார்த்துச் சீனிப் பணிஸ் எடுத்துத் தின்னிறவ. என்ர ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

இல்லை என்று கத்தினேன். கத்துகிற கள்ளியை யார் நம்புவார்? நீங்களாவது சொல்லுங்கோ என்று இவர் பக்கம் திரும்பினேன். இவர் சைக்கிள் திறப்பை விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றார். டொக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை என் பெருவிரலை எடுத்தார்கள்.

விரல் போனதை நான் அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. கையும் காலும் போன எத்தனையோ பேர் பக்கத்துப் பாய்களில் கிடந்தார்கள். கள்ளி என்ற பெயர்தான் பொறுக்கவில்லை. வாய்க்கு ருசி கேட்டுக் காலைத் தின்றவள் என்று கிணற்றடியில் கதை மாறிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எனக்குத் தேறுதல் சொல்வதற்குப் பதில் புத்தி சொன்னார்கள். இவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுக்குப் பிறகும் மச்சாளை வெறுக்க எனக்குத் தெரியவில்லை. வேறு யாரையோ கண்டுவிட்டு நான் என்று நினைத்திருப்பா, வயது போகிறது, கண் மங்குகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த மறுநாளே அவ சிலுவை கீறிய பணிஸைக் கொண்டுவந்து வைத்தா. நான் அதையும் சாப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட மனமில்லாமல் அதை அப்படியே வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்துத் தட்டில் இவருக்கென்று வெட்டி வைத்த பாண் துண்டு. கண் விழித்துப் பார்த்தபோது செவ்வெறும்பு கொட்டில் தூணில் ஏறி, மேசையைக் கடந்து, இவருடைய பாணைச் சுற்றிக்கொண்டு என் பணிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாணில் ஒன்றுகூட இல்லை. என் பணிஸ் தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தது. மச்சாள் ஆணையிடுவா, எறும்புக்கு ஆணையிடத் தெரியாது.

தடியை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் போனேன். மச்சாள் அடுப்படியில் இருந்து ஒரு முட்டிக்குள் எதையோ கரைத்துக்கொண்டிருந்தா. குனிந்து விரலை விட்டு நக்கினேன். பனங்கட்டிப் பாணி, திறமான பாணி.

"இது என்ன மச்சாள்?"

"பனங்கட்டி. அது சீனியோ பிள்ளை? மருந்துச் சாமான். இருமலுக்குச் சின்னப் பிள்ளையளுக்கே குடுக்கிறம்." அவ முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பனை தருவது உடம்புக்குக் கேடு செய்யாது என்று எங்கள் சனம் அன்றைக்கு உறுதியாக நம்பியது. சலரோகக்காரர் எத்தனை பேர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்ததை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பிழையை அங்கேயே மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன்.

"அது சீனியில்லை எண்டால், நான் களவெடுத்ததைக் கண்டனான் எண்டு டொக்டரிட்டை ஏன் சொன்னனீங்கள்?"

கரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு முட்டியைத் தூக்கி எனக்கு எட்டாத பக்கம் வைத்தா. "என்ர கையால சுட்டதைத் திண்டு வருத்தம் கூடினது எண்டு ஒரு கதை வெளிக்கிட்டால், என்ர பாணை ஆர் தொடுவினம்?" என்றா.

என் காலைவிட அவவுக்குப் போறணை பெரிது. சரி, அவ பெற்ற பிள்ளை அதுதான் என்று நினைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்தேன். இவர் எனக்காகக் கோபப்படுவார், நாளைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய் இவள் கள்ளியில்லை என்று சொல்லுவார் என்ற ஒரு நினைப்பில்தான் அந்தப் பின்னேரம் முழுவதும் அழாமல் இருந்தேன். இவர் வந்து சைக்கிளைச் சாத்தியதும் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் வாளியில் தண்ணீர் அள்ளிக் கை கழுவினார்.

"தெரியும். பனங்கட்டி நான்தானே தேடிக்கொண்டுவந்து குடுத்தனான். நீ ஒண்டும் தின்னாமல் ஒளிச்சு ஒளிச்சு அழுதாய். பார்க்கேலாமல் கிடந்தது."

என் அழுகையைக் கண்ட மனிதர். எனக்காகப் பனங்கட்டி தேடி அலைந்த மனிதர். அதுவரைக்கும் நான் தாங்கியிருப்பேன். "அப்ப அண்டைக்கு அவ அப்பிடிச் சொல்லேக்குள்ள ஏன் வாய் திறக்கேல்லை? பொய்யெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"என்னைத் தூக்கி வளர்த்தவ. அவவை நான் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். காட்டிக் கொடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். இவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று டொக்டருக்கு முன்னால் யாரைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார் என்பதுதான் இவருக்கு இன்றுவரை தெரியாது.

மச்சாள் போய்ச் சேர்ந்து கனகாலம். இப்போது நானும் இவரும் நெளுக்குளத்தில் இருக்கிறோம். குரக்கனை நானே அரைத்துச் சாப்பிட்டு, சீனி இறங்கி, மிச்சக் காலைக் காப்பாற்றிக்கொண்டேன். கேக் போடுவதை விடவில்லை. பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் கேட்டு வருகிறார்கள், மின்சார அவனில் போட்டுக் கொடுக்கிறேன், ருசி பார்ப்பதில்லை. இவரோடு சண்டையும் இல்லை. ஒன்று மட்டும், இவர் கையால் தருகிற எதையும் நான் வாயில் வைப்பதில்லை, பச்சைத் தண்ணீரைக்கூட. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் இவர் கேக்கை வெட்டி எல்லோருக்கும் நீட்டுவார். கடைசியில் எனக்கும் ஒரு துண்டை நீட்டுவார். நான் தலையை ஆட்டுவேன். "இவவுக்குச் சலரோகமெல்லே. நான் குடுத்தாலும் தொடமாட்டா, அவ்வளவு கட்டுப்பாடு" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். ஓம் என்று நானும் சிரித்துவிட்டு, குசினிக்குள் போய் எனக்கு வேண்டியதை நானே போட்டுச் சாப்பிடுகிறேன்.