கண்ணாடியில் தெரியாதவள்

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது கருத்தரங்குக் கட்டுரைக்கு ரத்தக் காட்டேரியை எடுத்துக்கொண்டேன். மற்றப் பெண்கள் காதலையும் இயற்கையையும் எடுத்தார்கள். எனக்கு அதெல்லாம் சப்பென்று இருந்தது. கதைகளில் வரும் காட்டேரி தன்னலத்தின் உருவம், அது கடிக்கும் சின்னப் பெண் ரத்தத்தோடு கள்ளமில்லாத மனசையும் இழக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதி வாசிக்க என்னால் முடியும் என்ற திமிர் இருந்தது. அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. எங்கள் தெருவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை.

ஊர் முக்கூடல் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் தங்கை எட்டாவதோடு நின்றாள். அம்மாவின் விரல்கள் வீங்கிப்போய் வேகம் குறைந்திருந்தது. “ஒரு வருஷம்தாம்ட்டி, பொறவு நீயும் போயிரலாம்” என்று அம்மா சொன்னாள். தங்கை சரி என்றாள். ஒரு வருடம் முடிந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அதனால் விடுதியிலிருந்து நான் வரும் வெள்ளிக்கிழமைகளில் தங்கை கதை கேட்பாள். புகையிலைத் தூள் இருக்கும் சுளகை மடியில் வைத்து, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நகத்தால் பீடியின் வாயை மடக்கிக்கொண்டே கேட்பாள். மூன்று நான்கு நாவல்களில் படித்த காட்டேரிகளைக் கலந்து ஒரே கதையாகச் சொன்னேன்.

“யக்கா, அவன் பாட்டுக்கு எந்த வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சிருவானா?”

“மாட்டான். வீட்டு ஆளு வாங்கன்னு கூப்பிட்டாத்தான் வாசல் தாண்ட முடியும்.”

“நல்ல மரியாதைக்காரனாத்தான் இருக்கான்” என்று சிரித்தாள். “நம்ம வீட்டுக்கு வந்தாம்னா புகையிலை நெடியில தும்மிக்கிட்டே ஓடிருவான்.”

அம்மா அதட்டினாள். “விளக்கு வைக்கிற நேரத்துல காட்டேரிப் பேச்சு என்னட்டி ரெண்டு பேருக்கும்?”

கண்ணாடியில் அவன் உருவம் விழாது என்று சொன்னபோது மட்டும் தங்கையின் கை நின்றது. கொஞ்சம் யோசித்தாள்.

“அது அவனுக்கு வசதிதானக்கா. செய்யுததச் செஞ்சிட்டு, தன் மூஞ்சியத் தானே பாக்க வேண்டாம்லா.”

நான் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் தங்கையும் சுற்றிய கட்டுகளைக் கொடுக்க பீடிக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். தங்கையின் பழைய பள்ளிக்கூட டீச்சர் வாசலில் வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார்.

“தங்கச்சிய இந்த மாசக் கடைசிக்குள்ள கூட்டிட்டு வாம்மா. ஒன்பதாவதுல சேத்துக்கிடுதேன், தலைமையாசிரியர்ட்ட பேசிட்டேன். இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா சின்னப் பிள்ளைகளோட உக்கார அவளே கூச்சப்படுவா.”

நான் ஒரு நொடிதான் யோசித்தேன். அந்த ஒரு நொடியில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. அவள் மடியில் இருக்கும் சுளகுதான் என் விடுதிச் சாப்பாடு. எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

“அவளுக்கு இஷ்டமில்ல டீச்சர். நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம்.”

டீச்சர் என் நோட்டைப் பார்த்தார், ஆங்கில எழுத்தைப் பார்த்தார். “நீயாவது நல்லாப் படி” என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் வந்து போனதை நான் வீட்டில் சொல்லவில்லை.

கருத்தரங்கில் நன்றாக வாசித்தேன். கண்ணாடியைப் பற்றிய வரி வந்ததும் பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். முடிந்த பிறகு, “அந்த இடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். “நானே யோசித்தது” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆவணியில் ஊருக்குப் போனபோது தங்கை ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பஸ் ஸ்டாப்புல டீச்சரைப் பாத்தேன்” என்றாள். “எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னியாமே.”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நான்கு நாவல்கள் படித்த எனக்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை.

“நீ எங்கிட்டக் கேட்டிருந்தா நானே வேண்டாம்னுருப்பேன்க்கா. உம் படிப்பு கெட்டுரும்னு எனக்குத் தெரியாதா?” துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். “கேக்கத்தான் இல்ல.”

“இப்பப் போய் டீச்சரைப் பாக்கேன். நடந்ததைச் சொல்லுதேன்.”

“பள்ளிக்கூடத்துல சேக்கிறது முடிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் அந்தப் பொடிசுகளோட போய் நான் உக்காரவா?”

காட்டேரிகூட வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது. நான் அதைக்கூடச் செய்யவில்லை. அவளுக்கு இது தோன்றியதா என்று தெரியாது. என் கட்டுரையைப் பற்றி அவள் பிறகு எதுவும் கேட்கவில்லை. நானும் அந்தக் கண்ணாடி வரி அவளுடையது என்று சொல்லவில்லை.

ஈரத்துணி வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அம்மா வாசலில் பீடி இலையை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒங்க டீச்சர் பஸ் ஸ்டாப்புல ஒன்னயப் பிடிச்சு நிறுத்திப் பேசினாவளாமே, என்ன விஷயம்?”

நான் வாளியைக் கீழே வைத்தேன். தங்கை கொடியில் பாவாடையை உதறிப் போட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. எப்படி இருக்கேன்னு சும்மா கேட்டாவ.”

அதுவரை அவள் அம்மாவிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.