ஓடிபி வாசலில், கம்ப்யூட்டர் கூடத்தில்

நூலகக் கம்ப்யூட்டரில் யாரும் வந்து உட்காரலாம் என்ற காலம் ஒரு சுற்றறிக்கையோடு முடிந்தது. இனி உறுப்பினர் எண், கடவுச்சொல், அதன் பிறகு செல்போனுக்கு வரும் ஓடிபி. மூன்றும் சரியாக இருந்தால்தான் லாகின். ஓடிபியின் ஆயுள் ஒரு நிமிடம். நான்கு முறை தவறினால் அன்று முழுக்கப் பூட்டு.

கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் நூலகத்தில் ஏற்கெனவே ஒரு விதி உண்டு. செல்போனைக் காவலர் மேசையில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிய பிறகே உள்ளே வர வேண்டும். அதை எழுதியவன் நூலகரான நான். சுற்றறிக்கையை அதன் பக்கத்திலேயே ஒட்டியவனும் நான்தான்.

முரண்பாட்டை முதலில் கண்டுபிடித்தவர் மும்தாஜ். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. அவர் போனில் விண்ணப்ப இணையதளம் திறக்கவில்லை. நாலரைக்கு எங்களிடம் வந்தார்.

"சார், ஓடிபி போனுக்குப் போயிருக்கு. போன் வாசல்ல இருக்கு."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கலாம்மா."

ஓடினார், கையெழுத்திட்டார், எண்ணைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கையெழுத்திட்டார், திரும்ப ஓடி வந்தார். நிமிடம் முடிந்திருந்தது. இரண்டாம் முறையும் அதே கதை.

மூன்றாம் முறை காவலர் செல்வராசு வாசலிலிருந்தே கத்தினார்: "நாலு, ஏழு, ரெண்டு..."

"சத்தம் போடாதீங்க!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் எழுந்து, "கடைசி நம்பர் ஒன்னா, ஒம்போதா?" என்றார். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்' என்ற அறிவிப்பின் கீழே கூடமே அதை மனப்பாடம் செய்தது. கடைசி எண் ஒன்பது என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

"சார், இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. மணி நாலே முக்கால். உங்க ரூல்ல ஒன்னையாச்சும் மீறுங்களேன்."

"மீறுறதா? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ம்மா."

அழுதுவிடுவார் போலிருந்தது. நான் என் விதியை மறுபடி படித்தேன். போன் காவலர் மேசையில் இருக்க வேண்டும். மேசை எங்கே இருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

"செல்வராசு, மேசையத் தூக்குங்க."

"எங்க சார்?"

"கம்ப்யூட்டர்கிட்ட."

தாசில்தார் ஒரு பக்கம், செல்வராசு மறுபக்கம். போன்கள், டோக்கன்கள், டீ பிளாஸ்க் சகிதம் மேசை ஊர்வலமாக உள்ளே வந்தது. மும்தாஜ் போனைத் தொடவே இல்லை. மேசையில் கிடந்த அதன் திரையைப் பார்த்தபடியே கம்ப்யூட்டரில் எண்ணை அடித்தார். நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போனது.

அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "காவலர் மேசை ஏன் ஹாலுக்குள்ள கெடக்கு?" என்றார்.

"நெட்வொர்க் பாதுகாப்பு, சார்."

மற்ற கிளைகளும் இதைப் பின்பற்றலாம் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.

பணியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு விதிகள் மோதினால் எதையும் மீறாதீர்கள். முதலில் மேசை நகருமா என்று பாருங்கள்.