அண்ணி தேடிய செம்புக் கழுத்து

நிறம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அண்ணி வாயைத் திறப்பார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தக்காளி, திரைச்சீலைத் துணி, என் மகளுக்கு எடுத்த கவுன், எல்லாம் ஒருமுறை வாசலுக்குப் போய்த் திரும்பும். தன் தம்பிக்கு மஞ்சள்காமாலையோ என்று சந்தேகம் வந்தபோது அவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தினார். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ச் சாப்பிடு" என்று அனுப்பிவைத்தார். அந்தத் தம்பிதான் என் கணவர்.

அண்ணிக்கு நூலும் பொத்தானும் விற்கும் கடையில் வேலை. தையல்காரர்கள் துணித்துண்டோடு வருவார்கள். அதற்குப் பொருந்தும் நூலை எடுத்துத் தர வேண்டும். கடைக்குள் டியூப்லைட் எரியும். டியூப்லைட் பொய் சொல்லும் என்பது அண்ணியின் கட்சி. ஆகவே துணியும் நூலும் அவரும் தையல்காரரும் நடைபாதையில் நிற்பார்கள். முதலாளி ஆரம்பத்தில் முணுமுணுத்தார். வாங்கிய நூலை யாரும் மாற்றக் கொண்டுவருவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

அந்தக் கடைக்கு வரும் தையல்காரம்மா ஒருவர்தான் முதன்முதலில் மரான்ஸ் என்ற வெளிநாட்டு இனக் கோழி முட்டைகளைக் கொடுத்தார். சாக்லேட்டில் முக்கியெடுத்த மாதிரி கரும்பழுப்பு ஓடு. எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணி அவற்றை அடை வைத்தார். பிறந்தவை வளர்ந்து, சேவலுக்குக் கழுத்தில் செம்பு நிறம் ஏறியதும் முட்டை மேல் அவருக்கு இருந்த ஆசை போய்விட்டது. மின்கம்பியை உரித்தால் உள்ளே பளிச்சென்று தெரியுமே, அந்தச் செம்பு. கழுத்திலும் முதுகிலும் அது வழிய வேண்டும். மார்பும் வயிறும் வாலும் பச்சை மினுங்கும் கறுப்பாக நிற்க வேண்டும். எல்லோரும் முட்டையைக் கேட்டு வந்தார்கள். அண்ணி கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தச் சிவப்பு சொன்ன இடத்தில் நிற்காது. ஒரு வருடம் மார்பெல்லாம் இறங்கிவிடும். அதைக் குறைக்கப் பார்த்தால் மறு வருடம் கழுத்தே காய்ந்த வைக்கோல் மாதிரி வெளிறிப்போகும். வால் சிறகில் வெள்ளை எட்டிப்பார்க்கும். "கலர் சரியா வரலன்னா டை அடிச்சு விடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது" என்று என் கணவர் சீண்டுவார். அண்ணி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கழுத்தில் துளிச் சிவப்பும் இல்லாத பெட்டை ஒன்று பிறந்தது. முழுக் கறுப்பு. கரிமூட்டை என்று பெயர் வைத்தோம். எதற்கு இதற்குத் தீனி என்று எல்லோரும் சொன்னபோதும் அண்ணி அதைக் கழிக்கவில்லை. சிவப்பு வழிகிற எங்கள் கிழச் சேவலோடு அதைச் சேர்த்தார். அவனிடம் கூடுதல், இவளிடம் குறைச்சல், பிள்ளைகள் நடுவில் நிற்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கிழவனோ ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். அவன் படுத்துவிடுவதற்குள் அவன் இடத்துக்கு ஒரு வாரிசு வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருடப் பாடும் வீண். சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணி கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த அடையில் சில பெட்டைகளும் இரண்டு சேவல் குஞ்சுகளும் தேறின. சேவல்களில் ஒன்று திடமானது. மார்பு சுத்தக் கறுப்பு. கழுத்தில் அப்போதுதான் நிறம் ஏற ஆரம்பித்திருந்தது, அதுவும் நல்ல ஏற்றம். இன்னொன்று எப்போதும் மூக்கொழுகிக்கொண்டு நிற்கும். அவனுக்குச் சளிக்காரன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை துணிக்கொடிக்குப் பக்கத்தில் அண்ணி குஞ்சுகளைச் சோதித்துப் பார்ப்பார், நான் அவற்றின் காலைப் பிடித்துக்கொள்வேன். திடமானவனின் இறக்கையை விரித்ததும் அவர் முகம் சுருங்கியது. சிறகு நுனியில் வெள்ளை.

வெள்ளை வந்தால் வெளியே. அதில் அண்ணி கறார். கழித்துவிட்ட கோழிகளை எதிர்வரிசை பேக்கரிக்காரருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அவர் வீட்டில் சாப்பிட ஆள் அதிகம். அன்று மாலையே கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். சளிக்காரனின் இறக்கையிலும் வெள்ளை இருந்தது. ஆனால் நோய்ப்பட்டதைச் சமைக்க யாருக்குக் கொடுப்பது? அவன் தங்கிவிட்டான். கழுத்து வெளுத்தவன் என்பதால் அவனை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

கொட்டகை பெருக்குவது என் வேலை. சில வாரங்கள் கழித்து நுனி வெளுத்த சிறகு ஒன்று குப்பையில் கிடந்தது. சளிக்காரனைப் பிடித்து இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அது விழுந்த இடத்தில் புதுச் சிறகு உறையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. நுனிவரை கறுப்பு. பக்கத்திலும் அப்படியே. அந்த வெள்ளை குஞ்சுச் சிறகின் வெள்ளை. வயது வந்ததும் தானாக உதிர்ந்துபோகிறது. இத்தனை வருடமும் அதைப் பார்த்ததும் கழித்துவிட்டதால், அது உதிரும் என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஒன்றுமே மிஞ்சியதில்லை.

அண்ணி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது சிறகைக் காட்டிச் சொன்னேன். குழாயை மூட மறந்து நின்றார்.

"அப்ப அவன்?" என்றார்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேக்கரியில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "என்னன்னு கேக்கறது? கறி பதமா வெந்துச்சான்னா?" என்றார்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க நானே போனேன். அந்தக் கடையில் நான் பேசியதே கிடையாது. விரலை நீட்டுவேன், பேக்கரிக்காரர் எடுத்துத் தருவார். ரொட்டி கைக்கு வந்த பிறகும் நான் நிற்பதைப் பார்த்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அப்போதுதான் மறந்துபோனது. அந்த நேரத்தில் அடுப்பறைக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் கூவியது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அது நம்ம மேஸ்திரிம்மா. உங்க வீட்டுப் பையன்தான்."

நான் ரொட்டியைப் போட்டது போட்டபடி அண்ணியின் கடைக்கு ஓடினேன். வேலை நேரத்தில் சொந்தக் காரியத்துக்கு ஓர் அடிகூட நகராதவர், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

பேக்கரியின் பின்கட்டில் விறகும் காலி மாவு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. மூட்டை மேல் நின்றிருந்தான் மேஸ்திரி. கொண்டையில் மாவு படிந்திருந்தது. அண்ணி அவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். கழுத்து மயிரைக் கோதிப் பிரித்தார். அடிவரை செம்பு. மார்பில் விரலை ஓட்டினார். ஒரு சிவப்புத் துளி இல்லை. கடைசியாக இறக்கையை விரித்தார். முழுக் கறுப்பு. அவர் தலை நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் உதடு சிரித்தது.

"இவனை எடுத்துக்கிறேன் தம்பி. பதிலுக்கு வேற ரெண்டு தர்றேன்."

"அக்கா, நீங்க குடுத்தது அடுப்புக்கு. நான் வெச்சிருக்கிறது வேலைக்கு" என்றார் பேக்கரிக்காரர். "இவன் ஒரு சத்தம் போட்டா என் ஆளுங்க எல்லாம் எழுந்து மாவு பிசைய வந்துடறாங்க. இவனைக் குடுத்துட்டா தினம் நீங்க வந்து கூவுவீங்களா?"

அண்ணி கெஞ்சிப் பார்த்தார். மூன்று தருகிறேன் என்றார். பெட்டையாகவே தருகிறேன் என்றார். மனுஷர் மசியவில்லை. குஞ்சாக வந்தவனைக் கையில் வைத்து ஊட்டி வளர்த்ததை அவர் சொல்லச் சொல்ல, இனி கேட்டுப் பயனில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணி சேவலை மறுபடி மூட்டை மேல் இறக்கிவிட்டார்.

"சரி. மாப்பிள்ளையை நீங்களே வெச்சுக்குங்க. பொண்ணுங்களை நான் இங்க அனுப்பறேன்."

பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு பேச்சு சரசரவென்று நடந்தது. தீனி அண்ணியுடையது. அடை வைக்கும் முட்டை அண்ணிக்கு, மிச்சம் பேக்கரிக்கு. உடைந்த ரொட்டியைப் போட்டுப் பெட்டைகளைக் கொழுக்கவைக்கக் கூடாது. பிறக்கும் குஞ்சு எதையும் இனி கேட்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது.

கரிமூட்டையின் மகள்களில் கழுத்துச் சிவப்பு அளவாக இருந்தவர்களை மட்டும் அண்ணி பொறுக்கினார். கூடைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் தெருவைக் கடந்தோம். என் கணவர் தீனி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். அன்றிலிருந்து பேக்கரிக்காரரை அவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார். அவரும் மறுப்பதில்லை. எங்களுக்கு மட்டும் பன் கொஞ்சம் பெரிதாக வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்த அடையில் பிறந்த சேவல்களின் இறக்கையிலும் வெள்ளை எட்டிப்பார்த்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கை பரபரக்கும், எடுத்து விரித்துப் பார்ப்பார், கழிக்காமல் கீழே விடுவார். குளிர் நாட்கள் வருவதற்குள் எல்லாம் உதிர்ந்து புதிதாக முளைத்துவிட்டது. சிலவற்றுக்கு மார்பில் சிவப்பு இறங்கியிருந்தது. இரண்டு மட்டும் அப்பனை உரித்துவைத்த மாதிரி இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் மேஸ்திரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேக்கரிப் பின்கட்டில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அண்ணி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன ஆச்சோ என்று அடுப்பறை ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

இப்போது கிழச் சேவல் எங்கள் கொல்லையில் வேலை எதுவும் இல்லாமல் தின்றுகொண்டிருக்கிறான். மேஸ்திரி பேக்கரியில் இருக்கிறான், பெட்டைகளும் அங்கேதான். அவன் மகன்களில் ஒன்றை அண்ணி வைத்துக்கொண்டார், இன்னொன்றை அந்தத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். குஞ்சுச் சிறகு உதிர்ந்து புதுச் சிறகு வருமுன் எங்கள் வீட்டில் எந்தக் குஞ்சையும் கழிப்பதில்லை. பெட்டைகளின் கழுத்து அண்ணிக்கு இன்னும் திருப்தியாக இல்லை. அடுத்த அடை வைத்தாகிவிட்டது.