குப்பைமேட்டை மறைத்த கீற்றுத் தட்டி

தொண்ணூறுகளில், கோவைப் பக்கம் இருந்த எங்கள் நகராட்சிக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரர் விருந்தாளியாக வந்தார். அங்கே ஓர் ஊருக்கு மேயராக இருந்து, பிறகு அந்த ஊர் அடங்கிய பெருநகரம் முழுவதற்கும் நிர்வாகியானவர். அவர் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வழியெல்லாம் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டு, குப்பைமேட்டைத் தென்னங்கீற்றுத் தட்டியால் மறைத்திருந்தார்கள். நாற்றத்தை மட்டும் மறைக்க முடியவில்லை.

விருந்தாளி தட்டியை விலக்கிப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் ஊருக்கு அதிபர் வந்தபோது நான் குடிசைகளையே பலகை அடித்து மறைத்தேன். ஊர் சுத்தமாக இருக்கிறதென்று பெருநகரத்தையே என்னிடம் கொடுத்துவிட்டார்."

இந்தக் கேவலத்தைத் தமிழில் சொல்ல எனக்கு நா கூசியது. எங்கள் நகராட்சித் தலைவருக்கோ முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏனுங்க, அந்தப் பலகை எத்தன அடி ஒசரமுங்க? கேட்டுச் சொல்லுங்க."

நானும் கேட்டுச் சொன்னேன்.