தொட்டித் தண்ணீரின் புளிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், அரியலூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், மண்ணே இல்லாமல் தக்காளி வளர்த்தேன். பிளாஸ்டிக் தொட்டிகளில் கூழாங்கல்லை நிரப்பி, உரம் கரைத்த தண்ணீரை ஊற்றி வளர்ப்பது. கேட்பதற்கு ஜோராக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், சனியன் பிடித்த வேலை.

திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிந்திருந்தேன். கல்யாணமான பிறகு தினமும் பஸ் ஏற முடியவில்லை. தொட்டிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பேராசிரியர் சம்மதித்தார். முதல் தடவை போட்ட செடிகள் பூக்கும் முன்பே கருகின. "இந்தத் தடவ காய்ச்சாத்தான் உண்டு. இல்லாட்டி படிப்ப மூட்ட கட்டிடு" என்று கணவர் சொல்லிவிட்டார். அதில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தொல்லையெல்லாம் தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவில். நைட்ரேட் உப்பு எங்கள் பக்கம் கிடைக்காததால், உரக்கடையில் விற்கும் அம்மோனியம் சல்பேட்டைத்தான் கரைத்தேன். செடி அதை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரில் அமிலம் ஏறும், பி.எச். இறங்கும். காலையில் சோதனைக் காகிதத்தை நனைத்தால், மஞ்சளாக இருக்க வேண்டியது செம்மஞ்சளாகப் பல்லிளிக்கும். அப்படியே விட்டால் வேர் வீணாகிவிடும். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கலக்கி, மறுபடி காகிதத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் இப்படிக் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். அதற்குள் அடுப்பில் சோறு குழைந்திருக்கும். மறுநாள் காலை பார்த்தால் பி.எச். பழையபடி இறங்கியிருக்கும்.

"என்னம்மா, இன்னைக்கும் தண்ணி புளிச்சிருச்சா?" என்று மாமியார் கேட்பார். "மாடு கன்னுகூட இம்புட்டுக் கேக்காது. நம்மூர்ல மண்ணுக்கா பஞ்சம்?"

சிரிக்கத்தான் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

எப்படியோ பூ விட்டது. பிஞ்சும் பிடித்தது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தால் போதும், ஆய்வேட்டை எழுதிவிடலாம். அந்தச் சமயம் பார்த்து உடையார்பாளையத்தில் என் அம்மாவுக்குக் காய்ச்சல். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை நடந்தது. "தொட்டியத் தொடாதீங்க அத்தை, ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. காகிதத்தை நனைத்தேன். கருநீலம், தண்ணீரில் காரம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் பழுப்பேறி, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

"யாரு இதுல சுண்ணாம்பு ஊத்துனது?" என்று கத்தினேன்.

மாமியார் கையெல்லாம் வெள்ளையோடு வந்தார். "நான்தாம்மா. தெனமும் கரண்டிய வச்சிக்கிட்டு அல்லாடுறியே, பாக்க மனசு கேக்கல. வெள்ளையடிக்கக் கரைச்சதுல தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்துனேன். பொங்க முடியறவரைக்குமாவது நீ குனிஞ்சு நிமிராம இருக்கலாம்ல." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "செத்துப் போச்சா?"

இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்வார் என நான் நினைத்திருந்த மனுஷி, என் இடுப்பு வலிக்கு இரக்கப்பட்டிருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது?

கணவர் வந்து பார்த்தார். "சரி, விடு. அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார்.

"எதுடா முடிஞ்சுது?" மாமியார் அவர்மேல் பாய்ந்தார். "நான் கெடுத்ததுக்கு அவ எதுக்குப் படிப்ப விடணும்? போய் வெத வாங்கியா. இன்னொருக்காப் போடட்டும். இந்த வூட்டுல யாரு வேணாங்குறான்னு நானும் பாக்குறேன்."

கணவர் தலையாட்டினார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஐயோ, மறுபடியுமா என்றுதான் வந்தது. எல்லாம் போயிற்றே என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, விடிந்த பிறகும் தூங்குவதற்கு நான் தயாராகியிருந்தேன். யாராவது என்னை நிறுத்தமாட்டார்களா என்று இத்தனை மாதமாக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"என்னம்மா, போடுறியா?" என்றார் மாமியார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சரிங்க அத்தை, போடுறேன்" என்று சொல்லிவிட்டு, கூழாங்கற்களை வாளியில் கொட்டிக் கழுவ உட்கார்ந்தேன்.